சோறு ஆறுது, வாங்கோ

1

முதியோர் இல்லத்துக் குசினியில் என்னோடு வேலை செய்கிறவள் பிர்கிட். போன கிழமை கரட் சீவிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துவிட்டுத் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது உன்னுடைய ஊர்தானே, ஸ்டெல்லா?"

என்னுடைய ஊர்தான். திருகோணமலைக் கடற்கரை. ட்ரோனை மேலே விட்டுப் பிடித்த வீடியோ. அந்தி வெளிச்சத்தில் நீலமாகக் கடல், கரையில் ஒரு மேடை, மேடைக்கு முன்னால் கைகளை உயர்த்தித் துள்ளுகிற கூட்டம். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் எதுவுமே மணக்காது.

"எவ்வளவு அழகு! இந்த இடத்தை விட்டுவிட்டா இந்தக் குளிருக்குள் வந்து கிடக்கிறாய்?"

எனக்கு வாயில் புளித்த நீர் ஊறியது. கழுவுதொட்டியடியில் போய்க் குனிந்து நின்றேன். வயிறு சரியில்லையா என்று கேட்டாள். ஓம் என்று தலையாட்டினேன். என் டெனிஷ் மொழி குசினிக்கும் வரிக் கந்தோருக்கும் டொக்டருக்கும் போதும். அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு ஏன் குமட்டியது என்று சொல்ல அது போதாது. அதனால்தான் தமிழில் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களில் சிலர் அன்றைக்கு அந்த மணலில் நின்றிருப்பீர்கள். பிழை இருந்தால் திருத்துங்கள்.

2

ஆடி மாத லீவுக்கு நானும் என் மகள் லீனாவும் ஊருக்குப் போயிருந்தோம். லீனா டென்மார்க்கில் பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சின்ன வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினேன். பிறகு கைப்பந்து வந்தது, தமிழ் போனது. மரியாதையாகப் பேச வேண்டும் என்பது மட்டும் மனதில் பதிந்துவிட்டது. லிங்கநகரில் என் தங்கை ரீற்றா மீன் வெட்டுவதை எட்டிப் பார்த்து, "சித்தி, இந்த மீன் செத்திட்டாரா?" என்று கேட்டாள். ரீற்றா சிரித்துச் சிரித்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

லீனா வந்ததே மீன் பார்க்க இல்லை. நகரத்துக்கு வடக்கே கடற்கரையில் மூன்று நாள் இசைத் திருவிழா. எங்கள் ஊரிலிருந்து லண்டனுக்குப் போய் நன்றாக வந்துவிட்ட சுதன் என்பவர்தான் நடத்தினார். லீனா இங்கிருந்தே விண்ணப்பம் எழுதிப்போட்டுத் தொண்டர் வேலையும் எடுத்துவிட்டாள். வெளிநாட்டுக் கலைஞர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, வழி காட்டுவது, பெட்டி தூக்குவது. கழுத்தில் தொங்கவிட அட்டை கொடுத்தார்கள். அவள் அதைக் கழற்றாமலே படுத்தாள்.

"அம்மா, அங்க புது பாண்ட் எல்லாம் கண்டுபிடிக்கலாம்" என்றாள்.

வாசலில் கட்டியிருந்த பதாகையும் அதையேதான் சொன்னது. மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள். தமிழ்தான் ஆகக் கீழே, ஆகச் சின்ன எழுத்தில்: "புதிய இசைக்குழுக்களைக் கண்டுபிடியுங்கல்." தமிழர் ஒருவர் நடத்துகிற விழா. ளகரத்தைக் கண்டுபிடிக்க ஆளில்லை.

நுழைவாயிலில் இருந்த பெடியன் என்னிடம் அடையாள அட்டை கேட்டான். என்னிடம் ஏது? டெனிஷ் பாஸ்போட் எடுக்கும்போது இலங்கைக் குடியுரிமையை விட்டுக்கொடுத்துவிட்டேன். பாஸ்போட்டைக் காட்டினேன். அதைப் பார்த்ததும் "வெல்கம் மேடம்" என்று எழும்பி நின்று என் கையில் சிவப்புப் பட்டி கட்டினான். பக்கத்தில் நின்ற ரீற்றாவுக்கு நீலம். சிவப்புக்குக் கூடாரம், கதிரை, குளிர்ந்த தண்ணீர். நீலத்துக்குக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், வெயில்.

"தம்பி, இவ என்ர தங்கச்சி."

"ஓம் அன்ரி, விளங்குது. ஆனா சிஸ்டம் அப்பிடித்தான்."

நான் நீலப் பக்கம் போய் நின்றேன். பெருமைக்குச் சொல்லவில்லை. வெயில் ஏறியதும் தலையிடி வந்து கூடாரத்துக்குள் போய் இருந்தேன். அங்கிருந்து ரீற்றாவின் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழிப்பறைப் பெட்டிகள் வரிசையாக நின்றன. அவற்றின் பின்னால் வெட்டிய வாய்க்கால் நேரே கடலுக்குப் போனது. மின் இயந்திரத்தின் எண்ணெய் மணலில் கறுப்பாகப் பரவியிருந்தது. அலைக்குள் பிளாஸ்டிக் குவளைகள் மிதந்தன. கரைவலைக்காரர் வலையை மடித்துத் தென்னைக்குக் கீழே போட்டுவிட்டுக் குந்தியிருந்தார்கள். மூன்று நாளைக்கு இழுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம், பார்வைக்கு இடைஞ்சலாம். "மீனும் மூண்டு நாளைக்குப் பாட்டுக் கேக்கட்டும், அக்கா" என்றார் ஒருவர். சிரிக்கவில்லை.

எல்லாமே குப்பை என்று சொன்னால் பொய். மலையகத்திலிருந்து வந்த நான்கு பிள்ளைகள் தப்பும் கிற்றாருமாக அடித்தார்கள், நெஞ்சுக்குள் போய் விழுந்தது. கொழும்பிலிருந்து வந்த சிங்களப் பெடியள் மூன்று பேர் ஒரு மெதுவான பாட்டுப் பாடினார்கள். ஒரு சொல் விளங்காமலே கண் கலங்கியது. அவர்கள் எல்லாருக்கும் பகல் வெயில். இரவு மேடை, பெரிய விளக்கு, பெரிய ஸ்பீக்கர் எல்லாம் விமானத்தில் வந்தவர்களுக்கு.

3

வெயிலில் பாடவிருந்தவர்களில் ஒருத்தி ஜெனி, ரீற்றாவின் ஒரே மகள். பகலில் ஒரு மருந்துக் கடையில் வேலை. குறிஞ்சாக்கேணி பாஹிம் கிற்றார், கட்டைபறிச்சான் கஜன் மேளங்கள், இவள் பாட்டு. லிங்கநகர், கிண்ணியாப் பக்கம், மூதூர்ப் பக்கம் என்று ஆளுக்கொரு கரை என்பதால் குழுவுக்குப் பெயர் "மூண்டு கரை". பேச்சில் சொல்வதுபோலவே எழுதுவார்கள். ரீற்றா வீட்டுப் பின்வளவில்தான் பழகுவது. பாஹிம் பாலம் கடந்து வருவான். கஜன் மேளத்தை பஸ்ஸில் கட்டிக்கொண்டு வருவான்.

அவர்களுடைய பாட்டுகளில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரீற்றாவின் கணவர் சேவியர் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். ஜெனி அப்போது பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. வள்ளம் கொட்டியாரக் குடாவின் அந்தப் பக்கம் ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. அவர் இருந்த காலத்தில் பின்னேரங்களில் வளவு மூலையில் இருந்து கிழிந்த வலை பொத்துவார். சோற்றைப் போட்டுவிட்டு ரீற்றா பின்கதவில் நின்று கூப்பிடுவாள்: "சோறு ஆறுது, வாங்கோ." அவர் போன பிறகும் அவள் கூப்பிட்டாள். பைத்தியம் இல்லை. வீட்டுக் கணக்கெல்லாம் சரியாகப் பார்ப்பாள், கோயிலுக்குப் போவாள், மகளைப் படிப்பித்தாள். பின்னேரத்தில் ஒரு தரம் மட்டும் பின்கதவில் நின்று அதைச் சொல்லுவாள், திரும்பி வந்து சாப்பிடுவாள். அயலட்டையில் ஒருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

அதைத்தான் ஜெனி பாட்டாக்கினாள். தாயிடம் கேட்டுவிட்டுத்தான். "பாடு, ஆனா வடிவாப் பாடு" என்றாளாம் ரீற்றா. பாட்டில் சொற்கள் அதிகம் இல்லை. பாஹிமின் கிற்றார் அலை மாதிரி வந்து போகும், கஜன் கையால் மட்டும் தட்டுவான், ஜெனி ஒவ்வொரு தரமும் குரலைக் கொஞ்சம் இறக்கி அந்த ஒரு வரியைச் சொல்லுவாள். கடைசித் தரம் "வாங்கோ" மட்டும் இருக்கும். பின்வளவில் முதல் தரம் கேட்டபோது நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

லீனா அதைப் போனில் பதிந்தாள். "சூப்பர்" என்றாள். கேட்டுக் கேட்டுத் தலையாட்டினாள். அவளுக்குப் பிடித்துவிட்டதே என்று எனக்குச் சந்தோசம். விளங்கியதா என்று நான் கேட்கவில்லை.

4

இரண்டாம் நாள், உச்சி வெயில். மூண்டு கரை மேடையேறியபோது முன்னால் இருந்தவர்கள் நாங்கள், கரைவலைக்காரர், மலையகப் பிள்ளைகள், நிழல் தேடி வந்த ஒரு நாய். சிவப்புப் பட்டிக்காரர் குளிக்கப் போயிருந்தார்கள்.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதாக ஜெனி தாயின் பாட்டைத் தொடங்கினாள். ரீற்றா குடையை மடக்கிவிட்டு வெயிலில் நிமிர்ந்து நின்றாள். பாட்டு முடிந்ததும் கரைவலைக்காரர் ஒருவரும் கை தட்டவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாவது பாட்டுக்கு பாஹிம் சுருதி சேர்க்கும்போது ஒலிபெருக்கி செத்துவிட்டது. சுதன் மேடை ஓரத்துக்கு வந்து கையைக் காட்டினார்.

"ஜெனி, தாங்க் யூ. பெர்லின் டீஜேக்கு சவுண்ட் செக் செய்ய வேணும். நேரம் போயிட்டுது."

"அண்ணா, எங்களுக்கு ஐஞ்சு பாட்டு எண்டுதானே சொன்னனீங்கள்?"

"ஓம், சொன்னனான். ஆனா பாருங்கோ, ஆக்கள் இல்லையே. உங்களுக்கு எக்ஸ்போஷர் கிடைச்சுதுதானே? வீடியோ எல்லாம் எடுத்தாச்சு."

உள்ளூர்க் குழு ஒன்று பாடினால்தான் கடற்கரைக்கு அனுமதி என்பது நிபந்தனையாம். பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த நிபந்தனை இரண்டு பாட்டோடு நிறைவேறிவிட்டது. கஜன் மேளங்களைக் கழற்றினான். ஜெனியின் கண்கள் சிவந்திருந்தன, அழவில்லை. "போவம் பெரியம்மா" என்றாள்.

லீனாவுக்குத்தான் கோபம். ஜெனியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "நான் ஏதாவது செய்யிறது. பொறு. நான் செய்யிறது" என்றாள். அவளுடைய தமிழில் 'நான்' என்று தொடங்கினால் வினை அப்படித்தான் முடியும். தண்ணீர்ப் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினாள்.

5

அன்று பொழுதுபடும் நேரம் ரீற்றாதான் சொன்னாள், கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவோம் என்று. மகள் பாடிய மேடை விளக்கில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. ஜெனியும் கஜனும் பாஹிமும், பொழுதுபடத்தான் கிடைத்த ஓட்டோவில் வெளியே சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பெர்லின் டீஜே வந்தார். வெறும் மேல், கழுத்தில் உருத்திராட்சம். இடி மாதிரித் தாளம். சிவப்பும் நீலமும் கலந்து ஒரே துள்ளல், மணலோடு சேர்ந்து குவளையும் பியரும் தெறித்தன. எனக்குப் பின்னால் ஒருவன் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பவும் ஆடினான். போவோம் என்று ரீற்றாவின் கையைப் பிடித்தேன். அப்போதுதான் அது வந்தது.

"சோறு ஆறுது. ஆறுது. ஆறுது. ஆறு ஆறு ஆறு ஆறுது."

ஜெனியின் குரல். வேகமாக்கி, கீச்சிட வைத்து, வெட்டி வெட்டி ஒட்டியிருந்தார். கீழே தாளம் உடைத்தது. கூட்டம் உடனே பிடித்துக்கொண்டது. "ஆறு! ஆறு!" என்று வெள்ளைக்காரரும் கொழும்புக்காரரும் எங்கள் ஊர்ப் பெடியளும் சேர்ந்து கத்தினார்கள். ஒருத்தி தோளில் ஏறியிருந்து குவளையை ஆட்டி ஆட்டி, "வாங்கோ! வாங்கோ!" என்றாள்.

நான் ரீற்றாவைப் பார்த்தேன். அவள் என் கையை விட்டுவிட்டு நடந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மேடைப் படியில் ஏறி, அந்த மனிதருக்கு முன்னால் போய் நின்றாள். சேலை கட்டிய உள்ளூர் மனுசி ஆட வந்துவிட்டாள் என்று அவர் நினைத்தார் போலிருக்கிறது. சிரித்துக் கும்பிட்டு மைக்கை அவள் கையில் கொடுத்தார். கூட்டம் ஆரவாரித்தது.

"நிப்பாட்டுங்கோ" என்றாள் ரீற்றா. "அது என்ர மனுசன். நிப்பாட்டுங்கோ."

ஸ்பீக்கர்களில் அது கடற்கரை முழுவதும் கேட்டது. தாளம் நிற்கவில்லை. தமிழ் தெரிந்தவர்கள் அங்கங்கே நின்றுவிட்டார்கள், ஒருவன் உயர்த்திய கையை இறக்கக்கூடத் தெரியாமல் நின்றான். தெரியாதவர்கள் இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

மேடை ஓரத்தில் கழுத்து அட்டையோடு நின்ற லீனாவை அப்போதுதான் கண்டேன். முகம் வெளிறியிருந்தது. ஓடிப்போய் டீஜேயின் காதில் ஆங்கிலத்தில் கத்தினாள். அவர் நெஞ்சில் கையை வைத்து, கண்ணை மூடி, "பியூட்டிஃபுல்" என்று உதடு அசைய, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். குறைத்தாரே தவிர நிறுத்தவில்லை. லீனா கையை நீட்டி, அவருக்கு முன்னால் இருந்த ஒலிப் பெட்டியில் சத்தம் கூட்டிக் குறைக்கிற தடிகளையெல்லாம் ஒரே இழுவையாகக் கீழே இழுத்தாள்.

பிறகு அலைச் சத்தம் மட்டும்.

நாங்கள் இறங்கி வெளியே வர, வாசலடியில் ஜெனி ஓடி வந்தாள். வெளியே அவளுக்கும் கேட்டிருக்கிறது. லீனா சித்திக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான்தான் குடுத்தது, சித்தி. போன்ல இருந்தது. அவர் போட்டால் ஜெனியை எல்லாருக்கும் தெரியும் எண்டு..." மூச்சு வாங்கியது. "சோறு, ஆறு, வாங்கோ. ஆறு எண்டா ரிவர்தானே? நான் அறுவடைப் பாட்டு எண்டு நினைச்சது. சந்தோசப் பாட்டு எண்டு."

"தெரியாட்டிக் கேட்டிருக்கலாம்" என்றாள் ஜெனி. அதற்கு மேல் அவளோடு கதைக்கவில்லை.

ரீற்றா லீனாவின் தலையைத் தடவினாள்.

6

ஜெனியின் குரலை வெட்டி ஒட்டிய அந்தத் துண்டு, ட்ரோன் வீடியோவோடு அடுத்த நாளே இணையத்தில் ஏறிவிட்டது, "ரிவர்" என்ற பெயரில். பிர்கிட் எனக்குக் காட்டியதும் அதுதான்.

பாட்டின் உரிமையைக் கேட்டு ஜெனியும் நானும் ஒரு கந்தோருக்குப் போனோம். எந்தக் கந்தோர் என்று சொல்லமாட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர், தேத்தண்ணி எல்லாம் தந்தார்.

"பாட்டு ஆர் எழுதினது?"

"நான். அந்த வரி அம்மாட."

"அம்மா எழுதினவவோ?"

"இல்லை, அவ சொல்லுறது."

"அப்ப அது வாய்க்கதை, தங்கச்சி. வாயால கதைக்கிறதுக்கு உரிமை கேக்க ஏலாது. 'சோறு ஆறுது' எண்டு என்ர வீட்டிலயும்தானே சொல்லுறது." என்னைப் பார்த்தார். "நீங்கள் ஆர்? வெளிநாட்டாளோ? அப்ப நீங்கள் கையெழுத்து வைக்க ஏலாது."

அதை அழிக்கச் சொல்லி லீனா டீஜேக்கு எழுதினாள், திரும்பத் திரும்ப எழுதினாள். அது அஞ்சலி என்று பதில் வந்தது. பாஹிமும் கஜனும் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்ல, அந்தப் படத்தின் கீழே தமிழில் மறுமொழிகள் குவிந்தன. கரைவலைக்காரரின் பிள்ளைகள்கூட எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் சுதனுக்குச் சூடு தட்டியது. அடுத்த வருசம் இரவு மேடையையே தருவதாக ஜெனிக்குப் போன் எடுத்தார்.

"முதல்ல வந்து அம்மாட்ட மன்னிப்புக் கேளுங்கோ" என்றாள் ஜெனி.

வந்தார். நாங்கள் புறப்படுவதற்கு முதல் நாள், பின்னேரம். ஜீப்பில், பழக்கூடையோடு, கமராக்காரர் ஒருவரோடு. தெருப் படலையடியிலேயே கமரா ஓடத் தொடங்கிவிட்டது.

ரீற்றா வாசலுக்கு வந்தாள். "வாங்கோ தம்பி. படம் பிடிக்கிறவர் வெளியில நிக்கட்டும். நீங்கள் மட்டும் உள்ள வாங்கோ."

"அக்கா, இது நல்லதுக்குத்தான். நான் மன்னிப்புக் கேட்டது ஆக்களுக்குத் தெரிய வேணுமே. இல்லாட்டி நம்பமாட்டினம்."

"நான் நம்புவன்தானே?"

சுதன் கமராக்காரரைப் பார்த்தார். கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்கு ஒரு கணம் நப்பாசை. செருப்பைக் கழற்றி உள்ளே வந்துவிடுவார் என்று நினைத்தேன். "அப்ப இன்னொரு நாளைக்கு வாறன் அக்கா, ஆறுதலாக் கதைப்பம்" என்றார். பழக்கூடையைப் படலையில் மாட்டிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

லீனா அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் ஓடினாள். பிடிக்க முடியவில்லை. தெருமுனையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். ஜெனி அவளுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் லீனாவிடம் சொன்ன முதல் சொல், "குடி."

அன்று பின்வளவில் மூன்று பேரும் பழகினார்கள். பாஹிம் அந்த அலைக் கிற்றாரைத் தொட்டதும் குசினிக்குள்ளிருந்து ரீற்றாவின் குரல் வந்தது. கோபமில்லாத குரல்.

"அதை இனிப் பாடாதேங்கோ பிள்ளையள். வேற ஏதும் பாடுங்கோ."

பாஹிம் கையை எடுத்துவிட்டான். ஜெனி சரி என்று தலையை ஆட்டினாள். கஜன் தட்டத் தொடங்கினான்.

ரீற்றா எல்லாருக்கும் சோறு போட்டாள். பின்கதவுப் பக்கம் போகவில்லை. தனக்கும் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக்கொண்டு வந்து, மேசையில் எனக்கு முன்னால் இருந்து சாப்பிட்டாள்.

வெளியே அவர்கள் பாடியது புதுப் பாட்டு. நன்றாகத்தான் இருந்தது. என்னால் கேட்க முடியவில்லை.